நிறங்களின் வழியே ஒரு சந்திப்பு

சிலரை நேரில் காணாமலே சந்திக்க முடியும். அவர்கள் செய்துவைத்துப் போன வேலை நம்மோடு பேசும். பார்பரா சன்சோனியை நான் சந்தித்தது அப்படித்தான்.

சென்ற ஆண்டு தங்கை மகளோடு கொழும்புக்குப் போயிருந்தேன். காலி வீதியில் உள்ள 'பெயார்ஃபுட்' கடைக்குள் நுழைந்தோம். வெறும் பாதம் என்பது அந்தப் பெயரின் பொருள். உள்ளே கைத்தறித் துணிகள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தன. கடும் இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், பச்சைக்குப் பக்கத்தில் நீலம். நாம் சேர்க்கத் துணியாத நிறங்கள் அங்கே சண்டையில்லாமல் கூடியிருந்தன.

பார்பரா சன்சோனி 1928இல் கண்டியில் பிறந்தவர். கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு, பிறகு இலண்டனில் ஓவியப் படிப்பு. ஏழைப் பெண்களுக்கு நெசவு பழக்கிவந்த நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரிகள், துணிகளுக்கு வடிவமைத்துத் தரும்படி அவரிடம் கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1964இல் தொடங்கிய இந்த நிறுவனம். பழைய வீடுகளையும் விகாரைகளையும் ஊர் ஊராகப் போய் வரைந்த அந்தக் கண்தான் துணியையும் பார்த்தது. 2022 ஏப்ரலில் அவர் காலமானார்.

தையல் தெரிந்த எனக்கு அந்தத் துணிகளில் பிடித்தது ஒன்று உண்டு. சாதாரணத் தறியில் பாவு நூல் நேராகவும் ஊடு நூல் குறுக்காகவும் ஓடும். கோடும் கட்டமும்தான் அதில் எளிதாக வரும். அந்தச் சிறிய எல்லைக்குள் நின்றுகொண்டு, எந்த நிறத்தை எதன் அருகே வைப்பது என்ற யோசனையால் மட்டுமே அவர் அழகைப் படைத்தார். சிவப்புப் பாவில் நீல ஊடு ஓடினால் தூரத்தில் ஊதா தெரிகிறது. செலவில்லாத வித்தை அது!

"பெரியம்மா, இந்த நிறமெல்லாம் யார் தீர்மானிக்கிறது?" என்று கேட்டாள் பிள்ளை.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. அவள் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போக இருந்தவள். அந்தச் சம்பளத்தில் எங்கள் லயங்களில் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால், நாள் முழுக்க ஒரே தையலைப் போடுகிறவளிடம் நிறத்தைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவள் ஒரு கொப்பியில் நிறங்களைக் குறிக்கத் தொடங்கினாள். கொழுந்தின் இளம்பச்சை, முற்றிய இலையின் கரும்பச்சை, மழை நாளில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் சாம்பல். தையல்கடையில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து எட்டுப் பைகள் தைத்தாள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிக் கடையொன்றில் வைத்தோம். ஐந்து விற்றன. அதை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஆனாலும் வேலைக்குப் போவதை அடுத்த வெசாக் வரை தள்ளிவைக்கக் கேட்டாள். தங்கையும் சம்மதித்தாள்.

நம் தோட்டங்களில் பெண்களுக்குத் தையல் பழக்குகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இயந்திரத்தை மிதிக்கப் பழக்கும்போது நிறத்தைத் தெரிவு செய்யவும் வடிவத்தை யோசிக்கவும் பழக்குங்கள். கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நொடியில் காணும் கண்கள் நம் பெண்களுடையவை. அந்தக் கண்களுக்கும் கூலி கிடைக்கட்டும்.