சேணத்துக்கு அடியில் செருகிய தழை

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதி மேடும் பள்ளமுமான பூமி. ஒரு காலத்தில் விடாமல் பருத்தி விதைத்ததில் மேல்மண் மழையில் கரைந்து, நிலம் ஓடை ஓடையாகப் பிளந்துபோனது. மண்ணைப் பிடித்து நிறுத்தப் பிறகு பைன் மரங்களை நட்டார்கள். அந்த மரங்களின் அரை நிழலிலும் வேலி ஓரத்திலும் யாரும் விதைக்காமலே முளைத்து நிற்கிற புதர்தான் பியூட்டிபெர்ரி.

ஆடி மாதம் வரை அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. நாலைந்து அடி உயரம், அகலமான இலை, கணுவில் பொடிப்பொடியாக வெளிர் சிவப்புப் பூ, அவ்வளவுதான். ஆவணி, புரட்டாசியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல, கத்திரிக்காய் நிறத்தில் மிளகு அளவுப் பழங்கள் கொத்துக்கொத்தாகப் பிடித்திருக்கும். இந்த நிறத்துக்காகவே வீட்டு வாசலில் வளர்க்கிறார்கள்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். டிராக்டர் வருவதற்கு முன் அந்த மேட்டு நிலங்களில் கோவேறு கழுதைகள்தான் ஏர் இழுத்தன. கடிக்கும் ஈயும் கொசுவும் மொய்த்தால் கால்நடை நிலைகொள்ளாது, உழவும் ஓடாது. அதற்கு அங்கிருந்த விவசாயிகள் கண்ட வழி, இந்தச் செடியின் தழையைக் கசக்கிச் சேணத்துக்கு அடியில் செருகுவது. சேணம் அழுத்த அழுத்த இலையிலிருந்து எண்ணெய்ச் சாறு கசியும், பூச்சி அண்டாது. தங்கள் உடம்பிலும் அதைத் தேய்த்துக்கொண்டார்கள்.

கழுதைகள் போனதும் அந்தப் பழக்கமும் போயிருக்கும். சார்லஸ் பிரைசன் என்ற தாவரவியலாளர் தன் தாத்தா செய்ததை மறக்காமல் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் சார்லஸ் கேன்ட்ரெலிடம் அதைச் சொன்னார். இலையைப் பிரித்துப் பார்த்ததில் காலிகார்பினல் உள்ளிட்ட பொருள்கள் கிடைத்தன. 2005-ல் முடிவு வெளியானது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவையும், நம் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவையும் அவை கடிக்கவிடாமல் தடுத்தன. 2007-ல் உண்ணிகளிடமும் பலன் தெரிந்தது. சோதித்தது இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருளை. செடியை வாசலில் நட்டுவிட்டால் கொசு ஓடிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

நொச்சி, துளசி, தேக்கு எல்லாம் இதே குடும்பம்தான். நம் ஊரில் நொச்சித் தழையைப் போட்டு மாலையில் மூட்டம் போடுகிறவர்களுக்கு இது அதிசயமாகவே இருக்காது. பியூட்டிபெர்ரியின் நெருங்கிய சொந்தம் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்கிறது. அதன் பட்டையை வெற்றிலைக்குப் பதிலாக மெல்லும் வழக்கம் உண்டு.

வளர்ப்பதில் பெரிய வேலை இல்லை. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும்; முழு நிழலில் கொம்பு நீண்டு பழம் குறையும். இளந்தண்டை அரையடி நீளம் வெட்டி ஈர மணலில் ஊன்றினால் வேர் விடும். கோடையில் தண்ணீர் காயாமல் பார்க்க வேண்டும். உரத்தைக் கொட்டினால் தழைதான் மிஞ்சும். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால், குளிர் முடிகிற பிப்ரவரி கடைசியில் தரையிலிருந்து ஒரு அடி விட்டு மொத்தமாக வெட்டுகிறார்கள், நாம் முருங்கையைக் கவாத்து செய்கிற மாதிரி.

பழத்தைப் பச்சையாகத் தின்றால் சப்பென்று இருக்கும். சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஜெல்லி செய்வார்கள். பறித்தது போக மீதியைக் குளிர்காலத்தில் பறவைகள் தீர்த்துவிடும். இலையை மான் மேயும். அடுத்த வேலி ஓரத்துக்கு விதையைக் கொண்டுபோவது அந்தப் பறவைகள்தான்.