2147483647 எங்கிருந்து வந்தது?

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்தபோது, கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் 2147483647 என்றே இருந்தது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் விடை கணினியில் கிடைத்தது. 32 பிட் இடத்தில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண், 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதுதான் இது. நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்திலக்க எண்கள். எல்லாமே இதைவிடப் பெரியவை. கொள்ளாத எண் வந்தால், சில தரவுத்தளங்கள் கொள்ளக்கூடிய உச்ச எண்ணைப் பதிந்துவிடும்.

ஆனால் இது பகா எண்ணும்கூட. கணினி வடிவமைத்தவர்கள் அதற்காகவே தேர்ந்தெடுத்தார்களா? இல்லை. 16 பிட்டின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சமும் 7ஆல் வகுபடும். நடுவில் இது பகா எண்ணாக அமைந்தது தற்செயல் என்பதே என் முடிவு.

நிறுவப்படும் முன்பே இதைப் பகா எண் என்று சொன்னவர்களில் ஒருவர் பிரெஞ்சுத் துறவி மெர்சென். 2இன் எந்த அடுக்குகளில் ஒன்றைக் குறைத்தால் பகா எண் வரும் என்று 1644இல் அவர் தந்த பட்டியலில் 31ஆம் அடுக்கு இருந்தது, நிறுவல் இல்லை. அதே பட்டியலின் 67ஆம் அடுக்கு பிற்காலத்தில் பொய்த்தது. ஆகவே அவர் சொல்லை மட்டும் நம்ப முடியாது.

நிறுவியவர் கணித அறிஞர் ஆய்லர். பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்த காலத்தில், 1772இல், மூன்றாம் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதை அறிவித்தார். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்கள் ஐயாயிரத்தை நெருங்கும்; ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆய்லர் வேறு வழி கண்டார். ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அதில் ஒன்றைக் கழித்தால் வருவது 62ஆல் வகுபட்டே தீரும். மேலும், அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். அவற்றில் 46340க்குள் உள்ள பகா எண்கள் நூறுக்கும் குறைவு! ஒரு மலையையே சல்லடையில் சலித்து ஒரு கைப்பிடி ஆக்கிவிட்டார். தேடலில் என்னை மெய்சிலிர்க்க வைத்த இடம் இதுதான். எதுவும் வகுக்கவில்லை என்று அவர் காட்டிய பிறகு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே நின்றது.

நானும் தாளில் தொடங்கினேன். முதல் பகா எண் 311, மீதி 35. அடுத்து 1303 வரை எதுவும் இல்லை; அங்கே மீதி 226. அதற்கடுத்தது 1489. அதை நீங்கள் வகுத்துப் பாருங்கள்.