ஒரு சொம்புத் தண்ணீர்

பரளச்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைச் சிந்தக் கை வராது. மழை பொய்த்தால் கண்மாய் வெடிப்பு விட்டுக் கிடக்கும் கரிசல் பூமி இது. ஒரு குடம் நீருக்காகக் காத்து நின்ற நாட்களை நம் வீட்டுப் பெண்கள் இன்னும் மறக்கவில்லை. ஒளுச் செய்யும்போதும் அளவோடு செலவிடும் பழக்கத்தை மார்க்கம் பாதி கற்பித்தது. மண் பாதி கற்பித்தது. அந்தச் சிக்கனமே ஒரு முறை நமக்குப் பிழையாய் முடிந்தது.

அத்தாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் பஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்யச் சென்றவர், குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இறையருளால் எலும்பு முறியவில்லை. சுவரில் எஃகுக் கைப்பிடி ஒன்று பொருத்திவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம். நான்கே துளைகள், நாமே போட்டுவிடலாம் என்று துணிந்தோம்.

சவூதியிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தில் கட்டிய குளியலறை அது. தரைக்கு வாங்கிய விட்ரிஃபைடு டைல்ஸையே சுவருக்கும் ஒட்டியிருந்தோம். சாதாரணச் சுவர்ப் பிட்டை மாட்டி மெஷினை அழுத்தினோம். பிட்டு வழுக்கிக் கோடு கிழித்தது. நுனி சிவந்து மழுங்கியது. பொறுமை இழந்து, சுத்தியல்போல் தட்டிக்கொண்டே துளையிடும் விசையைத் தட்டிவிட்டோம். அடுத்த நொடியே டைல் மூலைக்கு மூலை பிளந்தது.

மீதமிருந்தவை இரண்டே டைல்கள். கொத்தனாரை அழைத்தோம். உடைந்ததைப் பெயர்த்துவிட்டு, புதியதைக் குழாய்க்கு ஏற்ப வெட்ட வேண்டும். “தண்ணி ஊத்தி அறுக்கவா பாய்?” என்று அவர் கேட்டார். “தண்ணீரும் வீண், வீடும் சேறாகும், அப்படியே அறுத்துவிடுங்கள்” என்று சொன்னவர்கள் நாமே. கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தார்கள். வெளியே வந்த கையாள் பையனுக்கு இருபது வயதிருக்கும். துண்டால் மூக்கை மூடியிருந்தும், மாவு மில்லிலிருந்து வந்தவன்போல் இமைவரை வெளுத்திருந்தான். அந்தத் தூசு பக்கத்து அறைக்கும் பரவியது. இளைப்பு நோய் உள்ள அத்தா இரவு முழுதும் உறங்கவில்லை.

வளைகுடாவில் பல்லாண்டு டைல்ஸ் வேலை பார்த்துத் திரும்பிய மாமு ஒருவர் மறுநாள் நலம் விசாரிக்க வந்தார். நடந்ததைக் கேட்டதும், “தண்ணியை மிச்சம் பிடிச்சு நெஞ்சைச் செலவழிச்சுட்டியே, மாப்புள!” என்றார். பிறகு வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

முதலில் உடைந்த துண்டின் பின்புறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டார். அது முத்துப்போல் நின்றது. சாதாரணச் சுவர் டைலாயின் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதற்கு வேல்முனை போன்ற கார்பைடு பிட்டே போதும். விட்ரிஃபைடு டைலோ சுமார் 1,200 பாகை வெப்பத்தில் சுட்டு இறுகியது. அரை சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்காது. அதற்குக் குழாய் வடிவில், விளிம்பில் வைரத்தூள் பதித்த பிட்டு வேண்டும். அது குத்தித் துளைப்பதில்லை. தேய்த்துத் தேய்த்தே வழி செய்கிறது. சூடேறினால் வைரத்தைப் பிடித்திருக்கும் பூச்சு கெட்டு, பிட்டு பாழாகும். ஆகவே தண்ணீர் வேண்டும்.

குறியிட்ட இடத்தில் காகித நாடா ஒட்டினார். தட்டும் விசையை நிறுத்தி, 10 மில்லிமீட்டர் பிட்டைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். பிறை வடிவில் ஒரு தடம் விழுந்தபின் நேராக நிமிர்த்தினார். மூடியில் ஊசித் துளையிட்ட பாட்டிலிலிருந்து நாம் நீரைச் சொட்டவிட்டோம். ஈரத்தில் வேலை என்பதால் பேட்டரி மெஷினையே கையாண்டார். டைல் துளைந்த பின்னரே, 8 மில்லிமீட்டர் சுவர்ப் பிட்டை அதன் விளிம்பில் படாமல் உள்ளே செலுத்திச் செங்கல்லைத் தட்டித் துளைத்தார். நான்கு துளைகளுக்கும் செலவான நீர் ஒரு சொம்புகூட இராது.

டைல் வந்த பெட்டியில் குஜராத்தின் மோர்பி நகரின் பெயர் இருந்தது. அதே குஜராத்தின் கம்பத் நகரில், அகேட் கல்லை மணியாக்கும் கைவினைஞர்கள், நுனியில் சிறு வைரங்கள் பதித்த ஊசியை வில்லால் சுழற்றி, நீர் சொட்டவிட்டே நெடுங்காலமாகத் துளையிட்டு வருகின்றனர். ஆனால், அக்கல்லை உலர வைத்துத் தீட்டியவர்கள் பலரை சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பற்றியதையும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நம் டைலிலும் அதே சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்தூசு நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பாகிறது. அதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. துண்டு அதனைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 போன்ற முகமூடி வேண்டும். சமையலறை மேடைக்கான செயற்கைக் குவார்ட்சுக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடை செய்ததற்கும் இந்நோயே காரணம்.

இந்நோயைக் கண்ட மருத்துவர் அரசுக்கு அறிவித்தாக வேண்டும் என்று நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. ஆனால், வீடு வீடாகச் சென்று டைல் அறுக்கும் பையனின் பெயர் எந்தத் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கிறது? அவனுக்குத் தொழிற்சாலையும் முதலாளியும் அன்றைக்கு வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரே. அந்த ஒரு நாள், அவன் முதலாளி நாமாக இருந்தோம்.

அத்தா இப்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஒளுச் செய்கிறார். அதனைக் காணும்தோறும் மகிழ்கிறோம். இமை வெளுத்து நின்ற அந்தப் பையனும் நினைவுக்கு வருகிறான். வாசக நேயர்களே, உங்கள் இல்லத்தில் டைல் அறுக்க ஆள் வரும் நாளில், கூலி பேசும் முன்பே ஒரு வாளித் தண்ணீரையும் இரண்டு நல்ல முகமூடிகளையும் எடுத்து வையுங்கள். அறுப்பதைத் திறந்த வெளியில் அறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் வீணன்று.