மொரிஸ் சேர் கொடுத்த வாக்கு

போன வாரம் தரம் 9 பிள்ளைகளுக்கு இலக்கு, முயற்சி என்று வழமையான பயானைச் செய்துகொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான்.

"சேர், நீங்க ஏன் இன்னம் டிகிரி செய்யல்ல?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். கலாசாலையில் பயிற்சி முடித்து பத்து வருடமாகிறது. பீ.எட். விண்ணப்பப் படிவம் மூன்று தடவை எடுத்தேன். ஒரு தடவையும் அனுப்பவில்லை.

அன்றிரவு ஜிம் மொரிஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிக் லேக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே விஞ்ஞானம் படிப்பித்தவர், பாடசாலையின் பேஸ்போல் அணிக்கும் பயிற்றுவிப்பாளர். இளம் வயதில் அவரும் பந்துவீச்சாளர். 1983இல் மில்வாக்கி புருவர்ஸ் கழகம் அவரைத் தெரிவு செய்தது. தெரிவானவுடன் பெரிய மைதானத்தில் இறக்கிவிட மாட்டார்கள். மைனர் லீக் என்று ஒரு நீண்ட படிக்கட்டு இருக்கிறது. சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, அதற்கும் மேலேதான் மேஜர் லீக். சின்னச் சின்ன ஊர்கள், இரவிரவாக பஸ் பயணம், சொற்பச் சம்பளம். ஏறத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் உச்சியைக் காண்பதே இல்லை. மொரிஸ் சிங்கிள் ஏயைத் தாண்டவில்லை. கையில் காயம், சத்திரசிகிச்சை, திரும்பவும் காயம். விட்டுவிட்டு ஆசிரியரானார்.

1999இல் தன் அணிக்கு அவர் சொன்னதும் நான் சொன்ன அதே பயான்தான்: கனவைக் கைவிடாதீர்கள். பயிற்சியில் அவருடைய பந்துகளுக்கு முகம் கொடுத்துக் களைத்த பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள்: அப்ப நீங்க? கடைசியில் ஓர் ஒப்பந்தம். பிள்ளைகள் மாவட்டச் சம்பியனானால் சேர் ஒரு கழகத்தின் தெரிவுக்குப் போக வேண்டும். (பந்தயம் ஹராம் என்று யாரும் கொமென்ட் போடாதீர்கள், இது வாக்கு.)

பிள்ளைகள் வென்றுவிட்டார்கள்.

தெம்பா பே டெவில் ரேய்ஸ் கழகத்தின் தெரிவுக்கு, தன் சொந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். வயது 35. சுற்றிவர இருந்தவர்களெல்லாம் இளசுகள். வீசினார். மணிக்கு 98 மைல், கிட்டத்தட்ட 158 கிலோமீற்றர். அடுத்தடுத்து 12 பந்துகள் அதே வேகத்தில். ஷொயிப் அக்தர், பிரெட் லீ போன்றவர்கள் நீண்ட தூரம் ஓடிவந்து தொட்ட வேகத்துக்குப் பக்கம். பேஸ்போலில் ஓட்டமே இல்லை, நின்ற இடத்திலிருந்துதான் வீச வேண்டும். இளமையில்கூட அந்தக் கை இந்த வேகத்தைக் கண்டதில்லை.

மறுபடியும் படிக்கட்டு. டபுள் ஏயில் ஒர்லாண்டோ, ட்ரிபிள் ஏயில் டேர்ஹம். மனைவி மக்களை விட்டு, தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்த பையன்களோடு பஸ்ஸில். சில மாதங்களிலேயே அழைப்பு வந்தது. 1999 செப்டெம்பர் 18, சொந்த மாநிலமான டெக்ஸாஸிலேயே, டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக. ரொய்ஸ் க்ளேட்டன் நான்கே பந்துகளில் ஆட்டமிழந்தார்.

2002இல் வந்த 'த ரூக்கி' படம் அந்த இரவோடுதான் உச்சத்துக்குப் போகிறது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய கதை. இரண்டு பருவங்களிலும் சேர்த்து 21 ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ். எங்கட பாஷையில் 45 விக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் ஒரு வெற்றிகூடப் பதியப்படவில்லை. 2000 மே மாதத்தோடு மேஜர் லீக் முடிந்தது. கை மறுபடியும் வலிக்கத் தொடங்கியிருந்தது.

"இதுக்குத்தானா?" என்றார் மனைவி, நான் கதையைச் சொன்னபோது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் யோசித்தேன். பிள்ளைகள் கேட்டது மேஜர் லீக்கில் விளையாடச் சொல்லியல்ல, தெரிவுக்குப் போகச் சொல்லித்தான். அன்று பந்து 70 மைலில் போயிருந்தாலும் அவருடைய வாக்கு நிறைவேறியிருக்கும். நான் மூன்று தடவையும் படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்தது தெரிவாக மாட்டேன் என்று பயந்துதான்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன்: "இந்தத் தவணை கணிதத்தில் எல்லாரும் 40க்கு மேல எடுங்க. நான் படிவத்த அனுப்புறன், இன்ஷா அல்லாஹ்."

அதே பொடியன் மறுபடியும் எழும்பினான்.

"சேர், 35 எண்டு வைப்பமே?"

பேரம் இன்னும் முடியவில்லை.