பாபநாசத்துப் பையனும் பாதாளக் கிணறும்

பாபநாசம் என்றதும் பக்தர்களுக்கு 108 சிவலிங்கங்கள் நினைவுக்கு வரும். சங்கீதப் பிரியர்களுக்குப் பாபநாசம் சிவன் நினைவுக்கு வருவார். எண்ணெய்க் கிணறு யாருக்கும் நினைவுக்கு வராது. அந்தப் பையனைச் சந்திக்கும் வரையில் எனக்கும் வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து பாஸஞ்சர் ரயிலில் வந்து இறங்கி, நேரே திருப்பாலைத்துறைக் கோயிலுக்கு நடந்தேன். அங்கே நாயக்க மன்னர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று, வட்டமாக எழுந்து உச்சியில் கூம்பி, ராட்சதக் குதிர் போல் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளுமாம்! வாயைப் பிளந்து நின்ற என்னிடம், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று விசாரித்தார் ஒரு பெரியவர். பத்திரிகைக்காரன் என்றதும், "ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாம், வாங்க" என்று குடமுருட்டிப் பக்கம் இருந்த தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். தஞ்சை ஜில்லாவில் காப்பியை மறுப்பது மகா பாவம் அல்லவா?

திண்ணையில் ஒரு வாலிபன் எஞ்சின் படங்கள் போட்ட புத்தகத்தில் மூழ்கியிருந்தான்.

"நம்ம பையன்தான். ஐ.டி.ஐ.யிலே டீசல் மெக்கானிக் படிச்சான். இப்போ காரைக்கால்லே ஓ.என்.ஜி.சி.யிலே அப்ரண்டிஸ். வயலைப் பார்க்க ஆளில்லே. இவன் பாதாளத்தைப் பார்க்கக் கிளம்பிட்டான்!" என்றார் பெரியவர்.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவது புதிய சங்கதி அல்ல. 1964-லேயே காரைக்காலில் ஆழ்கிணறு தோண்டினார்கள். பிறகு நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் என்று பல ஊர்களில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்களுக்கு உதவித் தொகை கொடுத்துத் தொழில் கற்றுத் தருகிறார்கள். ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று சட்டம் வாக்குக் கொடுப்பதில்லை.

"கிணறு தோண்டறது நம்ம போர் போடற மாதிரிதானே?" என்று கேட்டு வைத்தேன்.

பையன் சிரித்தான். "நம்ம போர் சில நூறு அடி, சார். அது கிலோமீட்டர் கணக்கு. என்னை இன்னும் ரிக் மேடையிலே வேலைக்கு விடலை. வொர்க்‌ஷாப்பிலே எஞ்சினைப் பிரிச்சு மாட்டறேன். எண்ணெய்க் கிணறும் சட்டப்படி ஒரு சுரங்கம். அதற்குண்டான பயிற்சி இல்லாமல் யாரும் வேலைக்கு ஏற முடியாது."

மேடை வேலையைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சுமார் 30 அடிக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி மாட்டி, நுனியில் துளைப்பானை வைத்து இறக்குகிறார்கள். யந்திரத்தின் கட்டுப்பாடு டிரில்லர் கையில். குழாய்களைப் பிடித்து மாட்டுவதும் கழற்றுவதும் ரிக்மேன்கள் பாடு. கோபுரத்தின் உயரத்தில் பெல்ட் கட்டி நின்று, குழாய்களின் தலையைச் சாய்த்து அடுக்குபவர் டாப்மேன். துளைப்பான் தேய்ந்து போனால் அத்தனை குழாயையும் மேலே இழுத்து, மறுபடியும் இறக்க வேண்டும்! பகலும் இரவுமாக 12 மணி நேர ஷிப்ட்.

"ஆனால் பலம் பெரிசில்லே, சார். கண்தான் பெரிசு" என்றான் பையன்.

துளைக்கும்போது களிமண்ணும் மருந்துகளும் கலந்த சேற்றைக் குழாய் வழியே ஓயாமல் உள்ளே செலுத்துகிறார்கள். 'மட்' என்று அதற்குப் பெயர். அது துளைப்பானைக் குளிர வைக்கும். உடைந்த கல்லை மேலே கொண்டு வரும். தன் கனத்தால் பூமிக்குள் இருக்கும் காஸை அமுக்கியும் வைக்கும். உள்ளே போன சேற்றைவிட அதிகமாக வெளியே வந்து தொட்டியில் மட்டம் ஏறினால், கீழேயிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். பார்த்தவன் உடனே குரல் கொடுக்க வேண்டும். கிணற்று வாயில் பொருத்தியிருக்கும் பெரிய அடைப்பானை மூடி விடுவார்கள். அசந்தால் நெருப்புத்தான்.

"அப்படிச் சொல்லு! மடை காக்கிற வேலை" என்றார் பெரியவர். உடனே அவர் முகம் வாடியது. "ஆனா தம்பி, 2017-லே கதிராமங்கலத்து வயல்லே எண்ணெய் ஓடிச்சே? ஜனங்க போராடி, கைதாகி... அதை மறக்க முடியுமா?"

"அது குழாய்க் கசிவு, அப்பா. கிணறு இல்லே."

"எதுவானா என்னடா? காவல் தப்பினா போறது வயல்தானே?"

பையன் பதில் சொல்லவில்லை.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட அது தடை விதிக்கிறது. முன்பே இருந்தவற்றை மூடச் சொல்லவில்லை. தகப்பனாருக்கு இது நிம்மதி. பிள்ளைக்கோ, கற்ற தொழிலைப் பிறந்த மண்ணில் செய்ய வழி குறைவு. பரீட்சை எழுதித் தேறினாலும் ராஜமுந்திரியோ, குஜராத்தோ, அஸ்ஸாமோ போக வேண்டியிருக்கலாம்.

"அனுப்புவீர்களா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

சற்று யோசித்தார். "நெல்லு விளையறது இங்கே, சாப்பிடறது எங்கேயோ. பிள்ளையும் அப்படிப் போகட்டும்." பிறகு பையன் பக்கம் திரும்பினார். "ஆனா போற இடத்திலேயும் பக்கத்திலே எவனோ ஒருத்தன் வயல் இருக்கும்டா. அதை நினைச்சுக்கிட்டு மடையைப் பாரு."

பையன் தலையை ஆட்டினான். அந்தப் பயிற்சியை எந்த வொர்க்‌ஷாப்பிலும் கொடுக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. காப்பி ஆறிப் போயிருந்தது. இருந்தாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.