எல்லைக்கல்

நித்தியத்தை நோக்கி வாழ்தல் வேண்டும் என்று கூறாத கிறிஸ்தவப் பிரசங்கியார் இலர். யாமும் கல்லூரிச் சிற்றாலயத்தில் பன்முறை அவ்வாறு கூறியுள்ளோம். இவ்வுலகம் வழிப்போக்கர் தங்கும் சத்திரம்; ஓரிரவு தங்குவோன் சத்திரத்துச் சுவருக்குச் சாந்து பூசுவானோ என்று மாணவரை வினவி, அவர்தம் புன்முறுவலைக் கண்டு உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. அந்நாளெல்லாம் எம் பெயரால் ஒரு வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்ததை அம்மாணவர் அறியார்.

வழக்கிற்குக் காரணமாயிருந்தது மூன்றடி அகலமும் நாற்பதடி நீளமும் உள்ள மண். கணக்கிட்டால் கால் செண்டிற்குச் சிறிது மேல். திருநெல்வேலிச் சீமையின் தேரிப் பக்கத்து ஊரொன்றில், எம் வீட்டிற்கும் எம் தமையனார் வீட்டிற்கும் இடையே கிடப்பது. சர்வேயர் வந்து அளந்தார், கல் நடப்பட்டது, தமையனார் அக்கல்லை ஒப்புக்கொண்டிலர், யாம் வக்கீலை அமர்த்தினோம். அதன்பின் மூன்றாண்டு ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவில்லை. விடுமுறையில் ஊர் சென்றால், கோவிலில் திருவிருந்துக்கு அவர் வலப்பக்கம் முழந்தாட்படியிடுவாராயின் யாம் இடப்பக்கம் செல்வோம். குருவானவர் அறிந்தும் அறியாதவர்போல் இருவருக்கும் ஒரே பாத்திரத்தை நீட்டினார்.

இந்நிலையில், சென்ற லெந்து காலத்தில் ஒருநாள் சிற்றாலயத்தில் பேசும் முறை எமக்கு வந்தது. லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்திலுள்ள ஐசுவரியவானின் உவமையை எடுத்துக்கொண்டோம். விளைவு மிகுந்ததால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டக் கருதி, அன்றிரவே உயிர் துறந்தவனுடைய கதை. இதைப்பற்றி முன்பு நான்கைந்து தடவை பேசியிருக்கிறோம். பழைய குறிப்புகளே போதும். எனினும் முறைக்காக வேதபுத்தகத்தைத் திறந்தோம். உவமை 16ஆம் வசனத்தில் தொடங்குகிறது. கண் தற்செயலாய் மேலே சென்று 13ஆம் வசனத்தில் தங்கியது. அங்கே கூட்டத்திலிருந்து ஒருவன், பிதிரார்ஜிதத்தைத் தனக்குப் பங்கிட்டுத் தரும்படி தன் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும் என்று ஆண்டவரை வேண்டுகிறான். அவனுக்கு விடையாகவே அவ்வுவமை சொல்லப்பட்டது!

இத்தனை ஆண்டு அதனைப் பணக்காரருக்குச் சொல்லிய கதை என்று கருதி வந்தோம். எமக்குக் களஞ்சியம் இல்லை. ஆதலின் அது எம்மைத் தொடவும் இல்லை. தன் பங்கு கிடைக்கவில்லை என்று முறையிட்ட தம்பி ஒருவனுக்கன்றோ அது சொல்லப்பட்டது! அவன் தம்பி என்று வேதம் சொல்லவில்லை. யாமே அவ்வாறு வாசித்தோம். வேறொன்றும் அப்போது புலனாயிற்று. அச்சகோதரர் இருவருள் நியாயம் யார் பக்கம் என்று இரட்சகர் சொல்லவேயில்லை. பாகம் பிரிக்கும் நடுவராகத் தம்மை நியமித்தவன் யார் என்று கேட்டு ஒதுங்கிவிட்டார். எமக்கோ அது ஒன்றையே அறியவேண்டியிருந்தது. எம் பக்கம் நியாயம் உண்டு என்றே இன்றும் நினைக்கிறோம்.

அன்று என்ன பேசினோம் என்பது நினைவில் இல்லை. நன்றாய்ப் பேசவில்லை என்று மட்டும் தெரியும்.

அதற்கு இரு வாரத்தின்பின் மாணவர் சிலரோடு தரங்கம்பாடிக்குச் சென்றோம். 1620இல் தேனியர் எழுப்பிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. 1845இல் அவர்கள் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர். பின்பு ஆங்கிலேயரும் போயினர். கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26இல் அதே கடல் ஊருக்குள் வந்து கொண்டுபோன உயிர்களை அவ்வூரார் இன்றும் எண்ணிப் பார்க்கின்றனர். எல்லாம் அழியும் என்று பிரசங்கம் செய்வதற்கு அதனினும் தகுந்த இடம் இல்லை. ஆயினும் எமக்கு அங்கே தோன்றியது வேறு.

சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9இல் அக்கரையில் இறங்கினார். ஏறக்குறைய நான்கு மாதம் அக்கோட்டையில் சிறையிருந்தார். பரலோகத்தை நோக்கிய அவர் மண்ணுலகத்தின் மிகச் சிறிய காரியங்களில் எத்துணைக் கவலை கொண்டார்! தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1714இல் அச்சிடத் தொடங்கியபோது, ஜெர்மனி தேசத்திலிருந்து வந்த எழுத்துக்கள் பெரியவை, காகிதமோ அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். கோபனேகனிலிருந்த மிஷன் செயலாளர், அப்போஸ்தலரைப்போல் கையில் ஒன்றுமின்றிப் பிரசங்கிப்பதே போதும், கட்டடம் முதலியவை வேண்டா என்று கடிந்துரைத்தார். பரலோக சிந்தையைப் பிறருடைய உழைப்பின்மேல் கல்லாக எறிவது அக்காலத்திலும் இருந்தது போலும். சத்திரத்துச் சுவரைப்பற்றிய எம் உவமையும் அவ்வினத்ததே என்று அங்கு நின்று வெட்கமுற்றோம்.

புதிய எருசலேம் கோவில் 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டையாயிற்று. நான்கு மாதம் சென்று, 1719 பிப்ரவரி 23இல், 36ஆம் வயதில் ஐயர் மரித்து அக்கோவிலினுள்ளேயே அடக்கம் பெற்றார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றிருந்தது. அவ்விடத்திலிருந்து சூல்ச் ஐயர் தொடர்ந்தார். பின்னர்ப் பப்ரிசியு ஐயர் மீண்டும் முதலிலிருந்து உழைத்தார்.

ஒருவன் பாதியில் விட்டதைப் பின்வருவோன் கையேற்கிறான். இதனை மாணவருக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் எம் நா தடுமாறிற்று. எம் வழக்கும் பாதியில்தான் நிற்கிறது. யாம் மடிந்தால் அதனைக் கையேற்பவன் எம் மகன். எதிர்நிற்பவன் தமையனார் மகன். அவ்விருவரும் சிறுவராயிருந்த காலத்தில் அந்த மூன்றடி மண்ணில்தான் கோலி விளையாடினர்.

அங்கிருந்து நேரே ஊருக்குச் சென்றோம் என்று எழுதினால் வாசகர் மகிழ்வர். அவ்வாறன்று, விடைத்தாள் திருத்துதல் என்னும் சாக்கில் இரண்டு மாதம் கடத்தினோம். மே மாதத்தில் சென்றபோது தமையனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருக்கு இப்போது வயது 74. வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்றார். சொன்னோம். "நானும் அவ்வளவுதான்" என்று கூறி, "உள்ளே போய்ச் சாப்பிடு, தம்பி" என்றார்.

மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. தாயாரின் கடைசி நோயில் செலவு செய்தது யார் என்ற பேச்சு இன்னும் தொடப்படாமலே கிடக்கிறது. அது மூன்றடி மண்ணினும் அகலமானது. வழக்கு ஜூன் மாதத்தில் முடிந்தது. கல்லைப் பிடுங்குவார் இன்றி அது நட்ட இடத்திலேயே நிற்கிறது. வெயில் நன்றாய் விழும் இடமாதலால் மதினியார் அதன்மேல் ஊறுகாய்ச் சாடியை வைக்கிறார்.