மூடி தொலைந்த சுருட்டுப் பெட்டி

பர்மாவில் பகான் நகரத்துக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போகிறார்கள். ஐராவதி நதியின் கரையில், 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை அரசர்களும் பிரபுக்களும் கட்டிவைத்த கோயில்களும் தூபிகளும் இன்றைக்கும் 2,000க்கு மேல் நிற்கின்றன. நான் 2019ஆம் வருஷம் டிசம்பர் மாதம், அரைப் பரீட்சை விடுமுறையில் அங்கே போனது ஒரு சுருட்டுப் பெட்டிக்கு மூடி செய்துகொள்வதற்காக! “இதற்காகவா ஒரு மனுஷன் கடல் கடந்து போவான்?” என்று நேயர்கள் கேட்கலாம். என் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். நான் சுருட்டுக் குடிப்பவனும் அல்ல. ஆகையால் கேள்வி இன்னும் பலமாகவே வந்தது.

பெட்டி என் ஐயாவுடையது. எங்கள் பக்கத்தில் தகப்பனாரைப் பெற்றவரை ஐயா என்போம். அவர் புரோம் நகரில் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சுருட்டு மட்டும் கடையில் வாங்கமாட்டார். இலையைப் பக்குவப்படுத்தித் தாமே சுருட்டி, ஐந்தைந்தாக அந்தப் பெட்டியில் அடுக்கிக்கொள்வார். சாண் உயரத்தில் உருண்ட குழாய் போன்றது அது. வெளியே கறுப்பு, அதன்மேல் மயிரிழை போலச் சிவப்பிலும் பச்சையிலும் கொடிகள், உள்ளே குங்குமச் சிவப்பு. 1942இல் ஜப்பானியர் வந்தபோது ஆயிரக்கணக்கான நம்மவர்களைப்போல் ஐயாவும் அரக்கான் மலையைத் தௌங்கப் கணவாய் வழியாக நடந்தே கடந்து, அக்யாபில் படகேறிச் சிட்டகாங் வந்து சேர்ந்தார். சுருட்டு முதல் நாலு நாளிலேயே தீர்ந்துவிட்டது. காலியான பெட்டியில் தீக்குச்சிகளைப் போட்டு மூடிக்கொண்டாராம். ஓடைகளில் மார்பளவு தண்ணீரில் இறங்கியும் ஒரு குச்சி கூட நமுக்கவில்லை என்று சொல்லுவார்.

அந்த மூடியை எட்டு வயதில் நான் எங்கள் ஊர்க் கண்மாயில் ஓடமாக விட்டேன். அது போயே போய்விட்டது. ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடித்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் அதை ‘அரக்குப் பெட்டி’ என்றே சொல்லிவந்தோம். தப்பு. நம் நாட்டு அரக்கு மரக்கிளைகளில் அடையும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. மைசூர் போகும் வழியில் சென்னபட்ணாவில் பொம்மை கடைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுழலுகிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். சூட்டுக்கு இளகும், நெருப்புக்கு எரியும். துரியோதனன் காரணமில்லாமலா அதைத் தேர்ந்தெடுத்தான்? பர்மாவின் பொருளோ மரத்தின் பால். ‘திட்ஸி’ என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவு. நம் சேங்கொட்டைக்கும் உறவு. ஆகவே பழகாதவர்கள் கையில் பட்டால் தோல் தடித்து அரிக்கும். பட்டையைக் கீறினால் வெளுப்பாக வடியும் பால், காற்றுப் பட்டதும் கருத்துவிடுகிறது.

ரங்கூனிலிருந்து என்னோடு ஒரு தமிழர் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பர்மிய பாஷையை நாம் தமிழ் பேசுவதுபோல் பேசுகிறவர். இராத்திரி முழுவதும் பஸ்ஸில் குலுங்கி, பகானுக்குச் சற்றுத் தெற்கே மியின்கபா என்ற கிராமத்துக்குப் போனோம். தெருவுக்குத் தெரு இதே தொழில். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர், விரல் பருமனான சுருட்டைப் பற்றவைத்தபடி உட்கார்ந்திருந்தார். தொழில் தெரிந்த பெரியவரைப் பர்மாவில் ‘ஸயா’ என்கிறார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கும் அதே பெயர்தான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஸயா என்று அழைத்துக்கொண்டோம். அவர் அந்தப் பட்டத்துக்கு என்னைவிடத் தகுதியானவர் என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது.

பெட்டியை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விளிம்பை இரண்டு விரலால் அழுத்தினார். என் நெஞ்சு பதறியது. விளிம்பு தாழம்பூ மடல்போல் வளைந்து கொடுத்துத் திரும்ப வட்டமாயிற்று.

“குதிரைமயிர்” என்றார்.

மரம் என்றே நான் நினைத்திருந்தேன். மூங்கிலைச் சன்னமான நாராகச் சீவி, அதை வட்டமாகச் சுற்றியே சாதாரணப் பெட்டிகளைச் செய்கிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு மூங்கில் நாரை நட்டு, ஊடே குதிரைமயிரை ஊட்டிப் பின்னுகிறார்கள். அந்தக் கூட்டின்மேல் மரப்பாலைப் பூசி, பிறகு பாலில் சலித்த சாம்பலைக் குழைத்து அப்பி, கடைசலில் ஏற்றித் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, இப்படியே ஏழு எட்டுப் பூச்சுக்கு மேல் போகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வாரமாவது இருட்டறையில் வைக்கவேண்டும். வீட்டுக்கு அடியில் தோண்டிய நிலவறை அது, படியிறங்கினால் குளுகுளுவென்றிருக்கிறது. வெயிலில் காயவைத்தால் என்ன என்று கேட்டேன். ஸயா சிரித்தார். இந்தப் பால் காய்வதில்லை, இறுகுகிறது. ஈரக் காற்று இருந்தால்தான் இறுகும். மழைத்தேசத்துக்கென்றே பிறந்த மரம் போலும்! ஐயாவின் தீக்குச்சிகளை நினைத்துக்கொண்டேன்.

முற்றத்தில் நாலைந்து பெண்கள் எழுத்தாணி போன்ற ஓர் இரும்பு முனையால் பெட்டிகளில் கொடி கீறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மாதிரிப் படம் ஒன்றும் கிடையாது. சிவப்புக்கு உரியதை மட்டும் முதலில் கீறி, வர்ணத்தைத் தேய்த்து, பிசினால் மூடி, மேலே தங்கியதைக் கழுவி எடுத்தபின், பச்சைக்கு வேண்டியதைக் கீறுகிறார்கள். கடைசியில் தெரியப்போகும் படம் முழுவதும் கீறுகிறவளின் மனத்தில் முன்னமே இருக்கவேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியத்தின் முடிவு அதன் ஆரம்பத்தில் தெரிந்திருந்தால் போதும் என்று நான் ஏங்குவதுண்டு.

ஸயா புகைத்தது புரோமில் ஐயா சுருட்டியது போன்றதல்ல. புகையிலையை நறுக்கி, தனத் இலை என்ற ஒரு மர இலையில் சுற்றி, வாய்ப்பக்கம் சோளக் கதிரின் தோலைச் சுருட்டி அடைத்தது. அதற்குப் பர்மியப் பெயர் ‘ஸேலெயிக்’. மருந்துச் சுருள் என்று அர்த்தமாம். என்ன மருந்தோ, வைத்தியர்கள்தான் சொல்லவேண்டும். இங்கிலீஷ்காரர்கள் இதை ‘செரூட்’ என்றார்கள். அது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லே என்று சொன்னதும் ஸயா இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்: “உங்கள் பாட்டனார் புரோமில் என்ன வேலை பார்த்தார்?”

உடன் வந்தவர் இதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினார். “வாத்தியாரையா, வியாபாரம் என்று சொல்லிவிடட்டுமா?” என்றார். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1930ஐ ஒட்டி நெல் விலை அடியோடு விழுந்தபோது, கடனைத் தீர்க்க முடியாத குடியானவர்களின் நிலம் லேவாதேவிக் கடைகளுக்குப் போயிற்று. 1938க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால் பங்கு வயல் செட்டியார் கடைகளின் வசம் இருந்தது. நம்மவர்களுக்கு அது வராக்கடன். அவர்களுக்கு அது பாட்டன் உழுத பூமி. ஐயா கணக்கு எழுதினவரே அன்றி முதலாளி அல்லர். ஆனாலும் அந்தக் கணக்கு அவர் கையெழுத்தில்தானே இருந்தது? உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னேன்.

ஸயா பேசாமல் புகையை இழுத்துவிட்டார். மடியிலிருந்த பெட்டியை ஒரு சுற்றுத் திருப்பினார்.

“மூடி செய்யலாம். ஆறு ஏழு மாதம் ஆகும். பெட்டி இங்கேயே இருக்கவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் போட்டுப் பார்த்தால்தான் பொருந்தும்” என்றார்.

என் கையில் இருந்தது மூன்று நாள் லீவு. கடைத்தெருவில் ரசாயன வர்ணம் பூசிய டப்பாக்கள் மலிவாகக் கிடைத்தன; அவற்றின் மூடி ஒன்று ஆடுகிறது, அல்லது இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஐயாவின் பெட்டியை மூடும்போது உள்ளிருந்த காற்று மெல்லப் பெருமூச்சு விட்டுக்கொண்டே வெளியேறும்; மூடி தானாக இறங்கும். சிறு பிள்ளையாக அதைக் கேட்பதற்காகவே திறந்து திறந்து மூடுவேன்.

பெட்டியை அவரிடமே கொடுத்தேன். கூலி முழுவதையும் எடுத்து நீட்டினேன். அவர் எண்ணி, பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். மீதி மூடியைப் போட்டுப் பார்த்த பிறகு என்றார்.

2020 ஆகஸ்டில் ரங்கூன் நண்பர் டெலிபோனில் ஒரு படம் அனுப்பினார். மூடியோடு பெட்டி. புதிய கறுப்புக்கும் பழைய கறுப்புக்கும் ஒரு சிறு வித்தியாசம் தெரிந்தது. கொடி மட்டும் மூடியிலிருந்து பெட்டிக்குத் தடையில்லாமல் இறங்கியிருந்தது. அப்போது கொள்ளைநோயினால் விமானங்கள் நின்றுபோயிருந்தன. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் நான் போக நினைத்த ஒவ்வொரு விடுமுறையிலும் வீட்டில் தடுத்தார்கள். 2025 மார்ச் 28ஆம் தேதி மாந்தலேப் பக்கம் பெரிய பூகம்பம் நிகழ்ந்தபோது, நாலு நாள் கழித்துத்தான் மியின்கபாவிலிருந்து பதில் வந்தது. அந்த வீட்டில் எல்லோரும் சுகம், பெட்டியும் பத்திரம்.

பெட்டி சும்மா கிடக்கக்கூடாதென்று ஸயா அதில் தம்முடைய சுருட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறாராம். பாதிக் கூலி இன்னும் என் பேரில் பாக்கி நிற்கிறது.